இரண்டு ஸ்டாக், ஒரு க்யூ, பத்து விநாடிக்கு ஒரு டிக்

பல வருடங்களுக்கு முன் ஒரு இன்டர்வியூ. எதிரே இருந்தவர் வெள்ளைப் பலகையைக் காட்டி, "உங்களிடம் ஸ்டாக் மட்டும்தான் இருக்கிறது, வேறெதுவும் கிடையாது. எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு க்யூ செய்து காட்டுங்கள்" என்றார். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். என் நிரல் வேலை செய்தது. எனக்குத்தான் வேலை கிடைக்கவில்லை.

அன்று என்ன தப்பு செய்தேன் என்பது திரும்பி வரும் வழியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் "சரியான விடை" என்று பிறகு நான் மனப்பாடம் செய்துவைத்ததிலும் ஒரு குறை உண்டு என்பது புரிய இன்னும் சில வருடங்கள் பிடித்தன. அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. என் காதால் கேட்டேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். இரண்டும் நிரலுக்குள் பொருள்களைச் சேர்த்து வைக்கும் முறைகள். ஸ்டாக் என்றால் கடைசியாக வந்தது முதலில் போகும். க்யூ என்றால் முதலில் வந்தது முதலில் போகும். அடுக்கு, வரிசை என்று தமிழில் சொல்லலாம். ஆனால் 'வரிசை' என்ற சொல்லை அரேக்கும் (எண்ணிட்ட அறைகளில் பொருள்களை வைக்கும் அமைப்பு) சிலர் பயன்படுத்துவதால் பாதியில் குழம்பிவிடும். ஸ்டாக், க்யூ என்றே வைத்துக்கொள்கிறேன். சொல்லப்போனால் 'ஸ்டாக்' என்ற பெயரே பின்னால் வந்து நிலைத்ததுதான். 1940-களின் நடுவில் கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் இதே செயலை எழுதியபோது 'புதை', 'தோண்டி எடு' என்ற பொருள் வரும் சொற்களைத்தான் பயன்படுத்தினார். 1957-இல் இதற்குக் காப்புரிமை கேட்ட கணினி அறிஞர்கள் பாவரும் ஸாமெல்சனும் தங்கள் ஜெர்மன் மொழியில் இதை 'நிலவறை' என்றார்கள். எனக்கு டூரிங்கின் சொல்தான் பிடிக்கும். கடைசியாகப் புதைத்ததுதானே முதலில் கையில் தட்டுப்படும்.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு ஸ்டாக்கில் 1, 2, 3 என்று போடுகிறோம். மேலே இருப்பது 3. க்யூவுக்கு வேண்டியதோ அடியில் கிடக்கும் 1. இன்னொரு காலி ஸ்டாக்கை எடுத்து, முதல் ஸ்டாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இதில் போட்டால், 3 அடிக்குப் போகும், 2 அதன்மேல், 1 உச்சியில். ஸ்டாக் எதையும் தலைகீழாக்கித்தான் திருப்பித் தரும். இரண்டு முறை தலைகீழாக்கினால் நேராகிவிடுகிறது. யோசனை இவ்வளவுதான். இது எனக்கு அன்றும் உடனே தோன்றியது.

தப்பு அடுத்த அடியில். 1-ஐ எடுத்துக் கொடுத்த பிறகு, மிச்சமிருந்த 2, 3 இரண்டையும் நான் மறுபடி முதல் ஸ்டாக்கில் கொட்டினேன். எதிரே இருந்தவர், "ஏன் திருப்பிக் கொட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். "அப்போதானே சார் புதுசா வர்றது சரியான இடத்துல உட்காரும்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பிக் கொட்டுவதில் எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள். க்யூவில் 1000 பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுக்கப்போகிறோம். முதல் தடவை 1000 பொருளை அந்தப் பக்கம் மாற்றி, ஒன்றை எடுத்து, 999-ஐ இந்தப் பக்கம் மாற்ற வேண்டும். மொத்தம் 1999 மாற்றங்கள். அடுத்த தடவை 1997. அதற்கடுத்து 1995. இப்படியே 1 வரை. ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண் வரும் என்று பள்ளியில் படித்தது இங்கே வந்து நிற்கிறது: கூட்டினால் மிகச் சரியாக 1000-இன் வர்க்கம், 10 லட்சம் மாற்றங்கள். வெறும் 1000 பொருளை வெளியே எடுக்க.

திருப்பிக் கொட்டாமல் அப்படியே விட்டுவிட்டால்? 2, 3 இரண்டும் இரண்டாவது ஸ்டாக்கில் ஏற்கெனவே சரியான முறையில்தான் நிற்கின்றன. அவற்றை எதற்குத் தொட வேண்டும்? புதிதாக வருவது முதல் ஸ்டாக்கில் போய் விழட்டும். இப்படிச் செய்தால் அதே 1000 பொருளுக்கு 1000 மாற்றங்கள்தான்.

இதை எழுதும்போது முதல் ஸ்டாக்குக்கு 'வரவு' என்றும் இரண்டாவதுக்கு 'செலவு' என்றும் பெயர் வைத்தேன். இன்றுவரை அந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறேன். உள்ளே வருவதெல்லாம் வரவில் விழும். வெளியே போவதெல்லாம் செலவிலிருந்து போகும். செலவு காலியானால் மட்டும், வரவில் இருப்பதை மொத்தமாகச் செலவில் கவிழ்க்க வேண்டும்.

'காலியானால் மட்டும்' என்பதை நான் முதலில் எழுதவில்லை. சில நாள் கழித்து எழுதிய பதிப்பில், எடுக்கக் கேட்கும்போதெல்லாம் வரவில் என்ன இருந்தாலும் செலவில் கவிழ்த்துவிட்டுப் பிறகு எடுத்தேன். டெஸ்ட் எழுதினேன்: பத்து எண்களைப் போடு, பத்தையும் எடு, ஒழுங்காக வருகிறதா பார். வந்தது. நூறு போட்டு நூறு எடுத்தேன். வந்தது. போடுவதும் எடுப்பதும் மாறி மாறி நடக்கும் இடத்தில்தான் பல்லைக் காட்டியது. 1, 2, 3 போடுகிறோம். ஒன்றை எடுக்கிறோம், 1 வருகிறது. செலவில் மேலிருந்து கீழாக 2, 3. இப்போது 4, 5 வருகின்றன; வரவில் உட்காருகின்றன. அடுத்து எடுக்கக் கேட்டதும் என் நிரல் வரவைக் கவிழ்க்கிறது. 5 போய் 2-இன் தலைமேல் உட்கார, அதன்மேல் 4 ஏறிக்கொள்கிறது. செலவு இப்போது மேலிருந்து 4, 5, 2, 3. வெளியே வருவது 4. முதலில் வந்து காத்திருந்த 2 பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. க்யூ என்ற பெயருக்கே இழுக்கு.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுக்கும் டெஸ்ட், க்யூவைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு இந்த மாதிரி எதை எழுதினாலும், மனம்போன போக்கில் போடுவதும் எடுப்பதுமாகச் சில ஆயிரம் செயல்களை ஓடவிட்டு, மொழியிலேயே இருக்கும் க்யூவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஐந்து வரி டெஸ்ட்தான். நான் பார்த்தவரை இதில் மாட்டாத பிழை குறைவு.

சரியாக எழுதிவிட்டால் கணக்கு அழகாக வரும். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதன் வாழ்நாளில் நான்கே செயல்கள்: வரவில் ஏறுகிறது, வரவிலிருந்து இறங்குகிறது, செலவில் ஏறுகிறது, செலவிலிருந்து இறங்குகிறது. ஐந்தாவது கிடையாது. ஆகவே எத்தனை பொருள் வந்து போனாலும் மொத்த வேலை அதன் நான்கு மடங்கைத் தாண்டாது. இந்த மாதிரிக் கணக்குக்கு அமார்டைஸ்டு என்று பெயர். கடனைத் தவணையில் அடைப்பதற்குக் கணக்காளர்கள் சொல்லும் சொல் அது. கணினி அறிஞர் ராபர்ட் டார்ஜன் 1985-இல் இந்தக் கணக்கு முறையை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு வழி, வங்கிக்காரர் பார்வை. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் நான்கு காசு கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு ஒன்று உடனே போய்விடும். மிச்சம் மூன்று அதன் மடியிலேயே இருக்கும். பிற்பாடு ஆயிரம் பொருளை ஒரே மூச்சில் கவிழ்க்க நேர்ந்தாலும் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை. அந்தந்தப் பொருளின் மடியில் இருக்கும் காசே போதும்.

இதைச் சராசரி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தும். சராசரி என்றால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து மாறலாம். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. எதிரி திட்டமிட்டுச் செயல்களை அனுப்பினாலும் மொத்தக் கணக்கு நான்கு மடங்கைத் தாண்டாது. மொத்தக் கணக்கு மட்டும். அந்த 'மட்டும்'தான் என் காதில் விழுந்தது.

ஒலிக்கோப்புகளை இசைக்க எனக்காக ஒரு சின்னக் கருவியைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். என் கோப்புகளில் ஒலி என்பது கணினிக்கு விநாடிக்கு 44,100 எண்கள். ஒரு பக்கம் கோப்பைப் படித்து எண்களை க்யூவில் போடும். மறுபக்கம் ஒலி அட்டைக்கு 512, 512-ஆக எடுத்துக் கொடுக்க வேண்டும். 512 எண்கள் ஒலிக்க ஆகும் நேரம் சுமார் 11.6 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த 512 தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் ஓசை அறுந்துபோகும். பைத்தானின் லிஸ்டில் கடைசியில் போடுவதும் கடைசியிலிருந்து எடுப்பதும் சட்டென்று முடியும்; ஆனால் முதல் பொருளை எடுத்தால் மற்ற எல்லாவற்றையும் ஓரிடம் நகர்த்த வேண்டும். இதற்கென்றே டெக் என்ற ஒன்று நூலகத்தில் தயாராக இருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. ஒரு வேலையை இழந்து கற்ற பாடமாயிற்றே, இரண்டு ஸ்டாக்கை நானே எழுதினேன். பத்து விநாடி ஒலியை முன்கூட்டியே க்யூவில் நிரப்பி வைக்கும்படி அமைத்தேன்.

ஓடவிட்டேன். பிரமாதமாக ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு டிக். கோப்பில் கீறலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி ஒரு டிக். வேறு கோப்பைப் போட்டாலும் டிக். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் உறைத்தது: மிகச் சரியாகப் பத்து விநாடிக்கு ஒன்று.

செலவில் பத்து விநாடிக்கான எண்கள் இருக்கின்றன, அதாவது 4,41,000. அவை தீரத் தீர, மறுபக்கம் வரவில் அதே அளவு நிரம்பிக்கொண்டே வருகிறது. செலவு காலியாகும் கணத்தில் வரவில் 4,41,000 எண்கள் நிற்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும், 11.6 மில்லி விநாடிக்குள். முடியவில்லை. டிக். பிறகு பத்து விநாடிக்கு எல்லாம் சுகம். மறுபடி டிக். தவணைக் கணக்கைத் தாளில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். தவணை கட்டும் நாள் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

முன்நிரப்பலை ஒரு விநாடியாகக் குறைத்துப் பார்த்தேன். டிக் மறைந்தது. ஆனால் கோப்பைப் படிப்பது சற்றுத் தாமதமானாலே ஓசை நின்றது. கடைசியில் வட்ட பஃபர் ஒன்றை எழுதினேன். அதுவும் ஒன்றை வைத்து இன்னொன்றைச் செய்வதுதான்: அளவு மாறாத ஒரு அரே, எங்கே எழுதுவது என்று ஓர் எண், எங்கே படிப்பது என்று ஓர் எண், கடைசிக்கு வந்தால் முதலுக்குத் திரும்பு. கவிழ்க்கும் வேலையே இல்லை. இரண்டு ஸ்டாக்கை விடாமலும் ஒரு வழி உண்டு. 1981-இல் ராபர்ட் ஹூட், ராபர்ட் மெல்வில் என்ற இருவர் காட்டியது: செலவு தீரும்வரை காத்திருக்காமல், முன்னதாகவே ஒவ்வொரு செயலின்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்த்துக்கொண்டே வருவது. எந்தச் செயலும் தனியாகக் கனக்காது. ஒருமுறை எழுதிப் பார்த்தேன். இரண்டாக இருந்த ஸ்டாக் ஐந்தாறாகப் பெருகி, எது எந்த நிலையில் இருக்கிறது என்று நினைவு வைப்பதற்கே தனி மூளை வேண்டியிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இவ்வளவு சொன்னதும், இது இன்டர்வியூவுக்காகவே பிறந்த பொம்மை என்று தோன்றலாம். இல்லை. எர்லாங் மொழியோடு வரும் க்யூ உள்ளுக்குள் இரண்டு லிஸ்ட்தான். ஸ்காலாவின் மாறாத க்யூவும் அப்படியே. காரணம் எளிது: அந்த வகை மொழிகளில் லிஸ்ட் என்றால் தலைப்பக்கம் மட்டும்தான் கைக்கு எட்டும், தலையில் சேர்க்கலாம், தலையை எடுக்கலாம். அது ஸ்டாக்கேதான். வேறு வழியில்லாமல் இரண்டைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் அங்கே ஒரு புதுச் சிக்கல். அந்த மாதிரி க்யூக்களில் எதையும் மாற்ற முடியாது. ஒரு பொருளை எடுத்தால் புது க்யூ கிடைக்கும், பழையதும் அப்படியே இருக்கும். கவிழ்க்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு பழைய க்யூவைக் கையில் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே நூறு முறை எடுத்தால், நூறு முறையும் கவிழ்க்க வேண்டும். காசோ ஒரு தடவைக்குத்தான் மடியில் இருந்தது. ஒரே சேமிப்பை நூறு முறை செலவழிக்கப் பார்த்தால் வங்கிக்காரர் கணக்கு திவால். 1990-களில் கிரிஸ் ஒகாசாகி என்ற கணினி அறிஞர் இதற்குச் சோம்பேறிக் கணிப்பைக் கொண்டு வழி கண்டார்: கவிழ்ப்பதை உண்மையில் தேவைப்படும்வரை தள்ளிப்போடு, ஒருமுறை செய்துவிட்டால் விடையை அந்த இடத்திலேயே நினைவில் வைத்துக்கொள். அதை அடுத்து யார் கேட்டாலும் இலவசம்.

ஏன் இரண்டு, ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் தமிழைத்தான் காட்டுவேன். 'விகடகவி' போல முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றுச் சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டாக் போதும். வி, க இரண்டையும் உள்ளே போடு, நடுவில் ட, பிறகு வரும் க, வி இரண்டும் ஸ்டாக்கிலிருந்து வெளிவருவதோடு ஒத்துப்போகும். இப்போது 'சலசல', 'மடமட' என்ற இரட்டைக்கிளவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சல உள்ளே போனால் ஸ்டாக்கிலிருந்து லச என்று வரும். ஒத்துப்போகாது. க்யூ என்றால் சல போய் சல என்றே வரும். சொல்லின் நீளத்துக்கு வரம்பே இல்லையென்றால், பாதி எங்கே என்று கோடு போட்டுக் கொடுத்தாலும்கூட, ஒரே ஒரு ஸ்டாக்கும் அளவான நினைவகமும் உள்ள எந்திரத்தால் இரட்டைக்கிளவியைச் சரிபார்க்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்டது. இரண்டாவது ஸ்டாக் வந்ததும் கதையே மாறுகிறது. டூரிங் எந்திரம் என்பது, முடிவில்லாத ஒரு நாடாவில் தலை ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து படித்து எழுதும் கற்பனைக் கணினி. ஒரு ஸ்டாக்கை அதன் நாடாவில் தலைக்கு இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும் வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடுவது தலையை ஓரடி நகர்த்துவதற்குச் சமம். கணினியால் கணிக்க முடிந்த எதையும் கணித்துவிடலாம்.

ஒரே ஸ்டாக்கில் ரிகர்ஷனை (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) வைத்து க்யூ எழுதிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அடியில் இருப்பது கிடைக்கும்வரை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பும் வழியில் மறுபடி போட்டுக்கொண்டே வருவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எடுத்தவற்றை இடையில் எங்கே வைத்தார்கள்? ஃபங்ஷன் அழைப்புகளை மொழி அடுக்கிவைக்கும் ஸ்டாக்கில். இரண்டாவது ஸ்டாக்கை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பைத்தானில் அந்த ஒளிவிடம் சின்னது; வழக்கமான வரம்பு 1000 அழைப்புகள். அதைத் தாண்டினால் பிழை கொடுத்து நின்றுவிடும்.

மறுதிசைக் கேள்வியையும் கேட்பார்கள்: க்யூவை வைத்து ஸ்டாக் செய். இதற்கு ஒரு க்யூவே போதும். புதியதைப் பின்னால் சேர்த்துவிட்டு, முன்னால் நிற்கும் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து அதன் பின்னால் அனுப்பினால் புதியது முன்னுக்கு வந்துவிடும். 1000 பொருளைப் போட 4,99,500 சுழற்சிகள். இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேராகிறது. இரண்டு நேர் சேர்ந்தால் நேராகவேதான் இருக்கும். அதனால் இங்கே இரண்டாவது க்யூ வந்தும் பெரிதாக உதவுவதில்லை. இதை உருப்படியான வேலைக்கு நான் எங்குமே பயன்படுத்தியதில்லை.

இரண்டு ஸ்டாக் க்யூவை மட்டும் இன்றும் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு சர்வர் பதில் தர எடுத்துக்கொள்ளும் நேரத்தில், கடைசி 60 அளவீடுகளில் பெரியது எது என்று ஒவ்வொரு நொடியும் காட்ட வேண்டும். பெரியதை ஒரு மாறியில் வைத்திருந்தால், அந்தப் பெரியதே வெளியேறும்போது அடுத்த பெரியதைத் தேடி அலைய வேண்டும். ஸ்டாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பொருளோடும், அதிலிருந்து அடிவரை உள்ளதில் பெரியது எது என்று எழுதி வைத்தால் போதும். 7, 3, 9, 4 என்று போட்டால் பக்கத்தில் 7, 7, 9, 9. மேலே இருக்கும் 4-ஐயும் 9-ஐயும் எடுத்துவிட்டால், மிஞ்சும் 3-இன் பக்கத்தில் 7 தயாராக நிற்கிறது. வரவுக்கு இப்படி ஒரு பெரியது, செலவுக்கு ஒரு பெரியது. இரண்டில் பெரியதே க்யூவின் பெரியது. கவிழ்க்கும்போது பக்கத்து எண்களைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பெரியது, சிறியது மட்டும் என்றால் வேறு தந்திரமும் உண்டு. ஆனால் மீப்பெரு பொது வகுத்தி மாதிரி, சேர்க்கத் தெரியும், கழிக்கத் தெரியாது என்ற வகைக் கணக்குகளுக்கும் இது அப்படியே ஓடும். அந்த நிரலில் செலவு தீரும்போது கவிழ்க்க வேண்டியது 60 எண்கள்தான். டிக் எதுவும் கேட்பதில்லை.